விளக்குக் கம்பத்துக்கு எதுக்குங்க ஞாபகசக்தி?

"தப்பு பண்ணாதவனுக்கு கேமராவைப் பார்த்து என்னய்யா பயம்?"

டீக்கடை பெஞ்சுல இருந்து டிவி விவாதம் வரைக்கும், சிசிடிவி பத்திப் பேச்செடுத்தா முதல்ல வந்து விழுற கேள்வி இதுதான். கேக்குறவர் நல்ல மனசோடதான் கேக்குறார். ஆனா கேள்விதான் தப்பு. கேமரா மேல எனக்குப் பயமெல்லாம் கிடையாது. அது பாட்டுக்குக் கம்பத்துல உக்காந்து பாத்துட்டுப் போகட்டும். என் சந்தேகமெல்லாம் அதுக்குப் பின்னாடி இருக்கிற ஞாபகசக்தி மேலதான். பார்த்ததை எத்தனை நாள் வச்சுக்குது? யாருகிட்டச் சொல்லுது? எப்ப மறக்கும்? இந்த மூணையும் நம்ம ஊர்ல கேக்குறவங்களும் குறைவு, சொல்றவங்களும் குறைவு. அதுக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் கேமரா எதிர்ப்பாளன் இல்லை. 2016 ஜூன் 24ஆம் தேதி காலையில நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்துல ஒரு இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். அத்தனை பேர் வந்து போற நிலையத்துல ஒரு கேமரா கிடையாது. பக்கத்துத் தெருவுல இருந்த கட்டடங்களோட கேமராப் பதிவை வச்சுத்தான் சந்தேகப்பட்ட நபரோட உருவத்தையே போலீஸ் வெளியிட முடிஞ்சது. அந்தச் செய்தியைப் படிச்ச யாரும் 'கேமராவே வேணாம்'னு சொல்ல மாட்டாங்க. நானும் சொல்லலை.

அதுக்கப்புறம் சென்னையில 'மூன்றாவது கண்' திட்டம் வந்துச்சு. ஏ.கே.விசுவநாதன் கமிஷனரா இருந்தப்போ, 50 மீட்டருக்கு ஒரு கேமரான்னு ஊர் முழுக்க மாட்டினாங்க. கடைக்காரங்க, குடியிருப்போர் சங்கங்கள்லாம் காசு போட்டு வாங்கிக் குடுத்தாங்க. விளைவு? 2020-21 வாக்குல சர்ஃப்ஷார்க் நிறுவனம் போட்ட கணக்குல, சதுர கிலோமீட்டருக்கு 657 கேமரான்னு உலகத்துலயே முதல் இடம் நம்ம சென்னைக்கு. லண்டன், பெய்ஜிங் எல்லாம் நமக்குப் பின்னாடி. எதுல எதுலயோ முதல் இடம் வாங்கணும்னு ஆசைப்பட்டோம், இதுல வாங்கிட்டோம் :-)

இது சென்னைக் கதை மட்டும் இல்லை. 2015 ஜூன் 25ல ஆரம்பிச்சு 2025 மார்ச் 31ல முடிஞ்ச ஸ்மார்ட் சிட்டி திட்டத்துல மொத்தம் 100 ஊர். தமிழ்நாட்டுல 11: சென்னை, கோவை, மதுரை, திருச்சி, சேலம், ஈரோடு, திருப்பூர், வேலூர், தஞ்சாவூர், திருநெல்வேலி, தூத்துக்குடி. 100 ஊர்லயும் ஒருங்கிணைந்த கட்டுப்பாட்டு மையம் ஒண்ணு கட்டியாச்சு. சுவர் நிறைய டிவி, முன்னாடி வரிசையா நாற்காலி, அமைச்சர் திறந்து வைக்கிற போட்டோ பார்த்திருப்பீங்களே, அதான். அரசுக் கணக்குப்படி இந்தத் திட்டத்துல மட்டும் 84,000க்கும் மேல கேமரா. கூடவே அவசர அழைப்புப் பெட்டி, ஒலிபெருக்கி, தகவல் பலகை. ஸ்மார்ட் கம்பம்னு ஒண்ணு வச்சாங்கன்னா அதுல எல்இடி விளக்கு, கேமரா, வைஃபை, மாசு அளக்கிற கருவி எல்லாம் ஒரே இடத்துல. விளக்குக் கம்பம்ங்கிற பேர்தான் பழசு. இது பார்க்கும், பேசும், எண்ணும்.

பார்க்கிறதுல பிரச்னை இல்லைன்னு சொன்னேன். அப்ப எதுல? அதுக்கு ஒரு சின்ன கணக்கு போடணும்.

சாதாரண ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் வேகத்துல பதிவு பண்ணுதுன்னு வச்சுக்குங்க. ஒரு நாளைக்கு 21.6 ஜிபி ஆகும். ஆயிரம் கேமராவுக்கு 30 நாள்னா கிட்டத்தட்ட 650 டிபி. இத்தனையைச் சேர்த்து வைக்க டிஸ்க் வாங்கணும், ஏசி போடணும், கரண்ட் பில் கட்டணும். அதனாலதான் எந்த ரெக்கார்டரா இருந்தாலும் சில நாள் கழிச்சுப் பழசு மேலயே புதுசை எழுதிடும். இத்தனை வருஷமா நம்ம அந்தரங்கத்தைக் காப்பாத்தினது சட்டமும் இல்லை, நீதிமன்றமும் இல்லை. டிஸ்க் விலை!

இப்ப என்ன மாறிப்போச்சுன்னா, கேமரா வெறும் படத்தோட நிக்கிறதில்லை. படிக்கவும் செய்யுது. வண்டி நம்பரைப் படிக்கிற கேமரா, முகத்தை ஒப்பிடுற மென்பொருள். இதுங்க வீடியோவை ஒரு வரி எழுத்தா மாத்திடும். 'இந்த நம்பர் வண்டி, இந்தக் கம்பம், இந்த நேரம்.' அவ்வளவுதான். ஒரு வரிக்கு 100 எழுத்துன்னு தாராளமா வச்சாலும், நாளைக்கு ஒரு லட்சம் வண்டிக்கு 10 எம்பி. வருஷத்துக்கு 3.65 ஜிபி. பத்து வருஷக் கணக்கு ஒரு 64 ஜிபி பென் டிரைவ்ல அடங்கிட்டு, பாட்டு ஏத்தவும் இடம் மிச்சம் இருக்கும்.

ஆச்சா? வீடியோ மறந்துடும். வரி மறக்கவே மறக்காது. அழிக்கிறதுக்குக் காசு சேமிக்கணும்ங்கிற காரணமே இப்ப இல்லாம போச்சு.

அந்த வரிகளை அடுக்கிப் பாருங்க. செவ்வாய்க்கிழமைதோறும் ஒருத்தரோட வண்டி புற்றுநோய் ஆஸ்பத்திரி வாசல் கம்பத்துல பதிவாகுது. அவர் வீட்டுல கூட இன்னும் சொல்லியிருக்க மாட்டார், கம்பத்துக்குத் தெரியும். வேற ஜாதிப் பையனைக் காதலிக்கிற பொண்ணு எந்த பஸ் ஸ்டாப்புல எத்தனை மணிக்கு இறங்குறா, தொழிற்சங்கக் கூட்டத்துக்கு யார் யார் வந்தாங்க, பத்திரிகைக்காரர் எந்த அதிகாரியை எந்த ஓட்டல்ல சந்திச்சார் — எல்லாம் அதுல இருக்கும். இவங்கள்ல யாரு தப்பு பண்ணினாங்க? நம்ம ஊர்ல ஒரு பொண்ணு எங்க இருக்கான்னு தெரிஞ்சுக்க ஒரு குடும்பமே அலையுறப்போ, அந்தத் தகவல் எவ்வளவு ஆபத்தானதுன்னு நான் விளக்கணுமா என்ன?

"சும்மா கற்பனை பண்ணாதய்யா, போக்குவரத்துக்குத்தானே வச்சிருக்காங்க"ன்னு சொல்றவங்களுக்கு அமெரிக்காவுல சான் டியாகோ ஊர்க் கதையைச் சொல்றேன். 2016 கடைசியில அந்த ஊர் நகரமன்றம் தெருவிளக்கை எல்லாம் எல்இடியா மாத்த ஒப்புக்கிச்சு. கரண்ட் செலவு மிச்சமாகும், கூடவே 3,000க்கும் மேல கம்பத்துல சென்சார் வரும், அது வண்டியை எண்ணும், பார்க்கிங் எங்க காலியா இருக்குன்னு சொல்லும். கேக்க நல்லாத்தானே இருக்கு? அந்த சென்சார்ல கேமராவும் இருந்துச்சு. 2018 ஆகஸ்ட்ல ஒரு கொலை விசாரணைக்குப் போலீஸ் அந்தப் பதிவை எடுத்துச்சு. அப்புறம் அதுவே வழக்கமாயிடுச்சு. ஊர் மக்களுக்குப் பரவலா விஷயம் தெரிஞ்சது 2019லதான். 2020ல அங்க நடந்த போராட்டங்கள் சம்பந்தமாவும் போலீஸ் அந்தப் பதிவைத் தேடியிருக்குன்னு வெளிய வந்தப்போ பெரிய சத்தம்.

2020 செப்டம்பர்ல மேயரே 'கேமராவை அணைங்க'ன்னு உத்தரவு போட்டார். அப்பத்தான் கூத்து. கேமராவை மட்டும் தனியா அணைக்க முடியாது, அணைச்சா தெருவிளக்கும் சேர்ந்து அணையும்னு தெரிஞ்சது! கடைசியில 2022ல கண்காணிப்புக் கருவிகளுக்குன்னே ஊர்ச் சட்டம் ஒண்ணு போட்டு, மக்கள் பிரதிநிதிகளோட ஆலோசனைக் குழுவும் வச்சாங்க. 2023ல வண்டி நம்பர் படிக்கிற கருவியோட 500 கம்பம் திரும்ப வந்திடுச்சு, அது வேற விஷயம். ஆனா இந்தத் தடவை முன்கூட்டியே கேள்வி கேட்டு, பொதுவுல வாதாடி, ஓட்டெடுப்பு நடத்தித்தான் வர முடிஞ்சது. முதல் தடவை விளக்கு வேஷத்துல வந்துச்சு, ரெண்டாவது தடவை சொந்தப் பேர்ல வந்துச்சு. எனக்கு அந்த வித்தியாசம் முக்கியமாப் படுது.

நிற்க. இதுவரைக்கும் சொன்னது, வச்சிருக்கிறவங்களே வேற காரியத்துக்குப் பயன்படுத்துறது. வச்சிருக்கிற இடத்துல இருந்து திருட்டுப் போறது இன்னொரு கதை.

2024 மே மாசம் தமிழ்நாடு காவல்துறையோட முக அடையாள மென்பொருள் தளத்துக்குள்ள வெளியாள் புகுந்துட்டதா செய்தி வந்தது ஞாபகம் இருக்கும். ஒரு நிர்வாகி கணக்கோட கடவுச்சொல் களவு போயிடுச்சு, அந்தக் கணக்கை வச்சு புதுப் பயனர் உருவாக்கிறது, எத்தனை தேடல் நடந்திருக்குன்னு பார்க்கிறது மாதிரி சில வேலைகள்தான் செய்ய முடியும்னு காவல்துறை விளக்கம் குடுத்தது. சரி, அப்படியே இருக்கட்டும். ஆனா போலீஸ் வீட்டுப் பூட்டையே ஒரு கடவுச்சொல்லை வச்சுத் திறக்க முடியும்னா, மாநகராட்சி ஒப்பந்தக்காரர் வீட்டுப் பூட்டு எந்த லட்சணத்துல இருக்கும்? கடவுச்சொல் போனா மாத்திக்கலாம். மூஞ்சி போனா என்ன பண்றது, பிளாஸ்டிக் சர்ஜரியா?

2025 பிப்ரவரியில குஜராத் ராஜ்கோட் சம்பவம் இதைவிடக் கொடுமை. ஒரு மகப்பேறு மருத்துவமனையில பெண்களைப் பரிசோதிக்கிற அறையோட சிசிடிவி காட்சி யூடியூப்ல எட்டிப் பார்த்து, டெலிகிராம்ல விலைக்கு வித்துட்டிருந்துச்சு. விசாரிச்சப்போ நாட்டோட பல மாநிலங்கள்ல இருந்து இதே மாதிரி காட்சிகளை எடுத்து வித்திருக்காங்கன்னு தெரிஞ்சது. எப்படி உள்ள போனாங்க? பெரிய மந்திரம் எல்லாம் இல்லை. 'அட்மின்123' மாதிரி, டப்பாவுல வந்த கடவுச்சொல்லை யாரும் மாத்தவே இல்லை. பாதுகாப்புக்குன்னு மாட்டினதுதான் அந்தப் பெண்களைச் சந்தையில நிறுத்துச்சு. அவங்க என்ன தப்பு பண்ணினாங்க? முதல் வரியில கேட்ட கேள்வியை இந்த இடத்துல வச்சு ஒரு தடவை கேட்டுப் பாருங்க, வாய் வராது.

இதே ஓட்டையால 2016ல மிராய்னு ஒரு வைரஸ் உலகம் பூரா கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் அடியாள் படையா மாத்தி, அக்டோபர் 21ஆம் தேதி இணையத்துல பெரிய பெரிய தளங்களையே முடக்கிப் போட்டது. அப்பவே தெரிஞ்ச பாடம். இந்தியாவுல விற்கிற சிசிடிவி கேமராவுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம்னு விதி நடைமுறைக்கு வந்தது 2025 ஏப்ரல்ல. அதுக்கு முன்னாடி மாட்டினதெல்லாம் கம்பத்துல அப்படியே தொங்கிட்டுத்தான் இருக்கு.

இப்ப இன்னொரு பக்கத்தையும் பார்க்கணும். கேமரா ஞாபகம் வச்சே ஆகவேண்டிய இடம் ஒண்ணு இருக்கு. 2020 ஜூன், சாத்தான்குளம். தந்தையும் மகனும் காவல்நிலையத்துல அடிபட்டு அப்புறம் இறந்துபோன வழக்கு. விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்கு அனுப்பின அறிக்கையில சொன்னது இது: ஸ்டேஷன்ல கேமரா இருந்துச்சு, பதிவு வைக்க 1 டிபி இடமும் இருந்துச்சு, ஆனா தினமும் தானாவே அழியுற மாதிரி அமைச்சு வச்சிருந்தாங்க. 19ஆம் தேதிப் பதிவு கிடைக்கலை. அதே வருஷம் டிசம்பர் 2ஆம் தேதி உச்சநீதிமன்றம், எல்லாக் காவல்நிலையத்துலயும் கேமரா வைக்கணும், பதிவை 18 மாசம், முடியாட்டி குறைஞ்சது ஒரு வருஷமாவது வைக்கணும்னு ஒரு தீர்ப்புல சொன்னது.

ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. அதிகாரம் இருக்கிறவங்களைப் பார்க்கிற கேமராவுக்கு ஒரே நாள்ல மறதி. ரோட்டுல போறவனைப் பார்க்கிற கேமராவுக்கு எவ்வளவு நாள் ஞாபகம்னு எந்தக் கம்பத்துலயும் எழுதி இல்லை. ஆக, எவ்வளவு நாள் வைக்கிறது, எப்ப அழிக்கிறதுங்கிறது தொழில்நுட்பம் தீர்மானிக்கிற விஷயமே இல்லை. யாரோ ஒருத்தர் மெனுவுல போய் அழுத்துற பட்டன். அந்த விரல் யாரோடதுங்கிறதுதான் கேள்வி.

"சட்டம் இருக்குல்ல?" இருக்கு. 2017 ஆகஸ்ட் 24ல உச்சநீதிமன்றத்துல 9 நீதிபதிகள் ஒருமனதா அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சொல்லிட்டாங்க. அரசு அதுல கை வைக்கணும்னா அதுக்கு ஒரு சட்டம் இருக்கணும், நியாயமான தேவை இருக்கணும், தேவைக்கு மீறிப் போகக் கூடாது. அருமையான தீர்ப்பு. அதுக்கப்புறம் 2023ல தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பர்ல விதிகள் வந்து, முக்கியமான கடமைகளுக்கு அதுல இருந்து 18 மாசம் அவகாசம் குடுத்தாங்க.

அந்தச் சட்டத்துல ஒரு நல்ல கடமை இருக்கு. தகவலை வாங்கின காரியம் முடிஞ்சதும் அதை அழிச்சிடணும். துணிக்கடையோ செயலியோ உங்க தகவலைத் தேவை முடிஞ்சும் வச்சிருக்கக் கூடாது. சூப்பர். கொஞ்சம் கீழ வாங்க, 17ஆம் பிரிவு, 4ஆவது உட்பிரிவு. அரசுக்கும் அரசு அமைப்புகளுக்கும் இந்த அழிக்கிற கடமை பொருந்தாது! 'என் தகவலை அழிங்க'ன்னு கேக்குற உரிமையும் அவங்ககிட்ட செல்லாது. அதே பிரிவுல, மத்திய அரசு அறிவிக்கிற அமைப்புகளுக்குப் பாதுகாப்பு, பொது ஒழுங்குன்னு காரணம் சொல்லி மொத்தச் சட்டத்துல இருந்தே விலக்கும் உண்டு. துணிக்கடைக்கு மறதி கட்டாயம், கம்பத்துக்கு மறதி விருப்பப் பாடம். இதைப் படிச்ச அன்னைக்குத்தான் இந்தப் பதிவு எழுதணும்னு முடிவு பண்ணினேன்.

வழக்கமா வர்ற ரெண்டு மறுப்புக்குப் பதில் சொல்லிட்டு முடிச்சுக்கறேன்.

ஒண்ணு, "கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் எல்லாம் தெரியுமே, அப்புறம் என்ன?" அவங்களும் யோக்கியம் இல்லைதான். ஆனா போனை வீட்டுல வச்சுட்டுப் போகலாம், மூஞ்சியை வச்சுட்டுப் போக முடியாது. அப்புறம், கூகுள் கையில லத்தி கிடையாது.

ரெண்டு, "கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுங்க." 2018ல டெல்லி போலீஸ், காணாமப் போன குழந்தைகளைத் தேட வச்சிருந்த முக அடையாள மென்பொருளோட துல்லியம் 2 சதவீதம்னு உயர்நீதிமன்றத்துலயே சொன்னது. அப்புறம் 2022ல தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டப்போ, 80 சதவீதத்துக்கு மேல ஒத்துப்போனா சரியான ஆள்னு எடுத்துக்கறோம்னு பதில் வந்தது. தப்பான ஆள் பேர்ல ஒரு வரி விழுந்து, அந்த வரி அழியவே அழியாதுன்னா, அந்த ஆளோட கதி?

அப்ப என்னதான் பண்ணச் சொல்றே? கேமராவைக் கழட்டச் சொல்லலை. ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு மறதித் தேதி வேணும்கிறேன். வழக்குல தேவைப்படுற பதிவைத் தனியா எடுத்துப் பத்திரப்படுத்திக்கலாம், யாரும் வேணாம்னு சொல்லலை. மிச்சம் அத்தனையும், வீடியோ மட்டும் இல்லை அந்த நம்பர் வரி, முக வரி எல்லாமும், சொன்ன தேதியில அழிஞ்சாகணும். இல்லாத பதிவை எவனும் திருட முடியாது, பழிவாங்க யாரும் தோண்டியெடுக்கவும் முடியாது.

இதைக் கேக்கறதுக்கு நம்ம கையில ஒரு பத்து ரூபா ஆயுதம் இருக்கு. 2005ஆம் வருஷத் தகவல் உரிமைச் சட்டம். மேல சொன்ன 11 ஊர்ல இருக்கிறவங்க, உங்க மாநகராட்சியோட பொதுத் தகவல் அலுவலருக்கு இந்த நாலு கேள்வியை அனுப்புங்க. 30 நாளுக்குள்ள பதில் சொல்லணும்.

1. தெருக் கேமராக்களும் கட்டுப்பாட்டு மையமும் எந்தச் சட்டம் அல்லது அரசாணையின் கீழ் இயங்குகின்றன? நகல் தரவும்.

2. வீடியோப் பதிவு எத்தனை நாள் வைக்கப்படுகிறது? வாகன எண், முக அடையாளம் ஆகிய விவரங்கள் எத்தனை நாள்? எழுத்துப்பூர்வ விதி இருந்தால் நகல் தரவும்.

3. பதிவைப் பார்க்க யார் யாருக்கு அனுமதி? யார் எப்போது பார்த்தார்கள் என்பதற்குப் பதிவேடு உண்டா? கடந்த ஓராண்டில் எத்தனை முறை பதிவுகள் வெளியே தரப்பட்டன?

4. மையத்தை நடத்தும் ஒப்பந்தக்காரர் யார்? ஒப்பந்தம் முடிந்தால் தகவல்கள் யாரிடம் இருக்கும்? கடைசியாகப் பாதுகாப்புத் தணிக்கை நடந்த தேதி எது?

கேமரா எங்க இருக்குன்னு கேட்டா 'பாதுகாப்புக் காரணம்'னு தட்டிக் கழிக்கலாம். இதுல அதுக்கெல்லாம் இடமில்லை. விதி என்னன்னு கேக்கறோம், அவ்வளவுதான். விதியே இல்லைன்னு பதில் வந்தா, அதைவிடப் பெரிய செய்தி வேற இல்லை. வந்த பதிலை அவங்கவங்க பதிவுல போடுங்க. 11 ஊர்ப் பதிலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா நல்லாயிருக்கும்.

பி.கு. 1: ஊருக்கு உபதேசம் பண்றதுக்கு முன்னாடி நம்ம வீட்டு வாசலைப் பாருங்க. உங்க கேமராவோட கடவுச்சொல்லை மாட்டிவிட்டுப் போன ஆள் வச்சதுதானா? இன்னைக்கே மாத்துங்க. மைக் தேவையில்லைன்னா அணைங்க. லென்ஸை உங்க கேட்டுப் பக்கம் திருப்புங்க, எதிர்வீட்டு ஜன்னல் பக்கம் இல்லை.

பி.கு. 2: "நீ ஏன் இவ்வளவு பதறுறே, எதையோ மறைக்கிறியா"ன்னு பின்னூட்டம் போடப் போறவங்களுக்கு: ஆமா, பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டுத்தான் குளிக்கிறேன் :-)